குடியிருந்த வீட்டுக்கு நான் போட்ட பூட்டு

இதை எழுதச் சொன்னவள் என் மனைவி. "கோயில்ல பாக்குறவங்ககிட்ட எல்லாம் வாயால சொல்லிக்கிட்டே இருக்கீங்க. சொல்லச் சொல்ல உங்க தப்பு சின்னதாயிக்கிட்டே வருது. ஒரு தாள்ல எழுதுங்க. எழுதினா மாத்த முடியாது" என்றாள். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். முதல் முறை சொன்னபோது நான் ஒரு குடும்பத்தை வெளியே நிறுத்திப் பூட்டியவன். நாலாவது முறை சொன்னபோது மைத்துனன் பேச்சைக் கேட்டு ஏமாந்தவனாகியிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது பட்டணத்துக்கு வெளியே பாயா ரும்புட்டில். இது தவிர பட்டணத்துக்குள்ளே தெங்கேராவில் எனக்கு இன்னொரு வீடு உண்டு. கடைத்தெருவுக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் நடுவீடு. தொழிற்சாலையில் நின்றுகொண்டே உழைத்த வருடங்களின் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு இரண்டு வீடு என்றால் சும்மாவா? சாவி கைக்கு வந்த அன்று அதை முருகன் பாதத்தில் வைத்து எடுத்தேன். இது அவன் கொடுத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்குகிறவன் நான். சாமி கும்பிடாமல் ஒரு நாளும் வாயில் பச்சைத் தண்ணீர் பட்டதில்லை. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வீட்டில் எட்டு வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். கணவர் லாரி ஓட்டுகிறார். மனைவி ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஏதோ பாக்கி வைத்திருந்தார்கள் போல என்று யாரும் எனக்குச் சாதகமாக நினைத்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் குடிவந்தபோது அக்ரிமெண்ட் எதுவும் போடவில்லை. அவர் கேட்டார். "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குப் பேப்பரு" என்று நான்தான் சொன்னேன்.

போன சித்திரையில் என் மனைவியின் தம்பி வந்தான். வீடு, நிலம் கைமாற்றி விடுகிற தரகு வேலையும் கொஞ்சம் பார்க்கிறவன்.

"மாமா, சனி ஞாயிறு ஆனா சிங்கப்பூர்க்காரன் கார் போட எடமில்லாம சுத்துறான்லா. நீங்க தெங்கேராவுல ஒரு வீட்ட வச்சிக்கிட்டு சும்மா குடும்பத்துக்கு விட்டிருக்கீங்க. பெயிண்ட் அடிச்சு, ரெண்டு ஏர்கோன் மாட்டி, ஹோம்ஸ்டே போட்டு நாள் வாடகைக்கு விடுங்க."

"அவங்க இருக்காங்களேப்பா."

"இருந்தா என்னா? ஒங்க வீடுதானே?"

அந்தக் கடைசி வார்த்தை என் காதில் உட்கார்ந்துகொண்டது. பல் விளக்கும்போதும், பூச்சட்டியில் தண்ணீர் ஊற்றும்போதும், விளக்கு ஏற்றும்போதும் அதே வார்த்தை. என் வீடுதானே.

காலி செய்யச் சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "சரிண்ணே, தேடுறோம். கெடச்சதும் போயிடுறோம்" என்றாள். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. கேட்கும்போதெல்லாம் "தேடிக்கிட்டுத்தாண்ணே இருக்கோம்" என்ற ஒரே பதில். மைத்துனன் சிரித்தான். "மாமா, எட்டு வருசம் உக்காந்த எடம். எந்திரிப்பாங்களா? நீங்க பூப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருங்க."

நான் பிறந்த தோட்டத்தில் லயத்துச் சண்டை எதுவும் ஆபீசுக்குப் போகாது. கோழி காணாமல் போனாலும், குடும்பச் சச்சரவு என்றாலும், முனீஸ்வரன் முன்னால் கூட்டிப்போய்ச் சூடம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான். ஆடி மாதம், எங்கள் கோயிலுக்குப் பின்புறம் ஆலமரத்தடியில் இருக்கிற முனி சன்னதிக்குப் புருசன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வரச் சொன்னேன்.

கணவர் தயங்கினார். "அண்ணே, பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வேணா வாங்கிக்கங்க. சூடம் எல்லாம் வேணாம்ண்ணே. பிள்ளைகுட்டிக்காரங்க நாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேப்பர் பொய் சொல்லும். சூடம் சொல்லாது." சொல்லிவிட்டு, நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி வேறு.

அவர் கையை நீட்டவில்லை. அவள்தான் முன்னால் வந்தாள். "தீபாவளி கழிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணிடுறோம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்தாள். புகை வந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். வீட்டுக்கு வந்து நான் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி அரிசி களைவதை நிறுத்திவிட்டாள்.

"நீங்க என்னா கோர்ட்டா?"

"சாமி முன்னாடிதானே கேட்டேன்."

"சாமி கேட்டுச்சா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவள் என்னிடம் பேசவில்லை.

தீபாவளி வந்தது, அவர்கள் வீட்டு முறுக்கும் எங்களுக்கு வந்தது. சொன்ன ஒரு மாதமும் கழிந்தது. அவர்கள் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏமாற்றியதற்கான கோபம் என்று நான் நினைக்கவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டார்கள், கேட்க வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். என் ஆசைக்கு நான் சாமி வேஷம் போட்டுவிட்டேன். அன்று அது தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை ரம்பாயில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவர்கள் நாலு பேரும் போவது எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள், "நீங்களும் வாங்கண்ணே" என்று. அன்று காலை நானும் மைத்துனனும் தெங்கேராவுக்குப் போனோம். வாசல் இரும்புக் கதவுக்கு அவர்களுடைய பூட்டு ஒன்று. அதற்குப் பக்கத்தில் புதிதாக வாங்கிய பெரிய பூட்டு ஒன்றை நான் போட்டேன். பின்கதவுக்கும் ஒன்று.

பூட்டினதோடு விட்டேனா? இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் மனைவி பார்ப்பாள், எழுதத்தான் வேண்டும். வாசலில் சூடம் ஏற்றினேன். "பிள்ளையாரப்பா, காரியம் நல்லபடியா முடியணும்" என்று வேண்டிக்கொண்டு தேங்காய் உடைத்தேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. மைத்துனன், "பாத்தீங்களா மாமா, சகுனம்" என்றான்.

முனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள். கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் தேங்காய் உடைத்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னாண்ணே, கிரகப்பிரவேசமா?"

"ஆமா பாய், கொஞ்சம் மாத்திக் கட்டலாம்னு."

"அப்ப சாப்பாடு உண்டுன்னு சொல்லுங்க!"

நானும் சிரித்தேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், போன் வந்தது. அவள்தான்.

"அண்ணே, யாரோ நம்ம வீட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்காங்கண்ணே. பின்னாலயும் போட்டிருக்கு. திருடனுங்க வேலையா இருக்குமோ? நீங்க கொஞ்சம் வர முடியுமாண்ணே?"

உதவிக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். 'நம்ம வீடு' என்கிறாள்.

"நான்தான்மா போட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போனது மட்டும் கேட்டது. நான் விடவில்லை. "சூடத்துல அடிச்சீங்களேம்மா?" என்றேன்.

"அடிச்சோம்ணே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்று சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைங்க எங்க சாப்பிடுதுங்களோ" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நான் கையைக் கழுவிவிட்டேன்.

மறுநாள் காலை காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். கணவர் புகார் கொடுத்திருந்தார். அங்கே இருந்த மலாய் அதிகாரி இளம் வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். வாடகை விவகாரம் சிவில் வழக்கு, நாங்கள் அதில் முடிவு சொல்ல மாட்டோம், ஆனால் குடியிருக்கிறவர்களை நீங்களே பூட்டி வெளியேற்ற முடியாது, உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள், சண்டை ஏதும் வந்தால் அப்புறம் எங்கள் வேலை என்றார். என் நெற்றியில் திருநீறு இருந்தது. பேசும்போது அவர் கண் இரண்டு தடவை அதன் மேல் போய்வந்தது. எனக்கு அதைத் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது. திருநீற்றைத் துடைக்க நினைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

டவுனில் தெரிந்தவர் சொன்ன வக்கீல் ஒரு பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வேதக்காரர்கள், சுவரில் சிலுவை மாட்டியிருந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"அங்கிள், டெனன்சி அக்ரிமெண்ட் இருக்கா?"

"இல்லம்மா. வாய் வார்த்தைதான்."

"வாய் வார்த்தையும் ஒப்பந்தம்தான். எட்டு வருசம் வாடகை வாங்கியிருக்கீங்க. சரி, நோட்டீஸ் எழுத்துல கொடுத்தீங்களா?"

"நேர்ல சொன்னேன்."

"காலி பண்றதா அவங்க ஏதாவது எழுதிக் கொடுத்தாங்களா? எதை வச்சு டேட் முடிஞ்சிருச்சுன்னு சொல்றீங்க?"

"சூடம் அடிச்சு சத்தியம் பண்ணாங்கம்மா."

பேனாவைக் கீழே வைத்தாள். சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன், சிரித்திருக்கலாம். "அங்கிள், சூடத்துக்கு நான் ஸ்டாம்ப் ஒட்ட முடியாது" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் விடாமல் கேட்டேன். மனதில் இருந்த அசிங்கம் எல்லாம் கேள்வியாக வந்தது.

"என் பேர்ல இருக்கிற வீடும்மா."

"வீடு உங்களுது. யார் இல்லன்னா? குடியிருக்கிற உரிமை அவங்களுது. ரெண்டும் ஒண்ணு இல்ல, அங்கிள். போகலன்னா எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். அதுக்கும் போகலன்னா கேஸ் போடணும். கோர்ட் ஆர்டர் கொடுத்தா, கோர்ட் ஆளுங்க வந்து காலி பண்ணிக் கொடுப்பாங்க. நீங்க பூட்டத் தொடக் கூடாது."

"வாடகையே கட்டலன்னாக்கூடவா?"

"கட்டலன்னாக்கூட. இவங்க கட்டுறாங்களே?"

"கட்டுறாங்க." குரல் எனக்கே கேட்கவில்லை. "கரண்ட நிறுத்தினா அவங்களா போயிடுவாங்கன்னு மைத்துனன் சொன்னான்."

"கரண்ட், தண்ணி எதையும் தொடாதீங்க. அதுக்கும் கேஸ் வரும். அவங்க நஷ்ட ஈடு கேக்கலாம். உள்ள ஏதாவது காணாமப் போயிருந்தா அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். ஆமா, ஹோம்ஸ்டே நடத்த நகராட்சியில அனுமதி கேட்டீங்களா?"

"மச்சான் பாத்துக்குறேன்னான்..."

"மச்சான் லைசன்ஸ் கொடுக்க மாட்டார், அங்கிள்." இந்தத் தடவை கொஞ்சம் சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தி, "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு இரவு முழுக்கப் போயிருக்கிறது, நான் கேட்கக்கூட இல்லை.

"எப்பத் திறக்கப் போறீங்க?"

"நாளைக்குக் காலையில போய்..."

"இல்ல அங்கிள். இப்ப."

தெங்கேராவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மளிகைக் கடை வாசலில், படிக்கட்டில், அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெண் பட்டுப்பாவாடையில், பையன் ஜிப்பாவில். திங்கட்கிழமை அது. பள்ளிக்கூடச் சட்டை வீட்டுக்குள்ளே இருந்தது, கல்யாணத்துக்குப் போட்டுப்போன துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பெண் எழுந்து நின்று, "வணக்கம் பெரியப்பா" என்றது. வளர்த்த விதம் அப்படி. நான் எங்கே பார்ப்பது?

கடைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். அவருடைய மேல்மாடிச் சாமான் அறையை ஒதுக்கி, பாய் தலையணை போட்டுக் கொடுத்து, இரவும் காலையும் சாப்பாடு போட்டவர் அவர்தான். அது எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்று அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"அண்ணே, ஒங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்த விருந்தாளிங்கள எல்லாம் எங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே?"

நேராகப் போய் இரண்டு பூட்டையும் திறந்தேன். வாசலில் தேங்காய் ஓட்டுச் சில்லு ஒன்று இன்னும் கிடந்தது. காலால் தள்ளிவிட்டேன்.

கணவர் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார். அவள் வாசல்படி வரை வந்தாள், உள்ளே காலை வைக்கவில்லை.

"உள்ள போலாமாண்ணே?"

"உன் வீடும்மா. போ."

"இல்லண்ணே. சத்தியம் பண்ணிட்டு மீறிட்டோமே. அதான் இப்படி வெளிய நிறுத்திடுச்சுன்னு ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்களுக்கு ஏதும் ஆயிடுமோன்னு..."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் என் மேல் கோபப்படவே இல்லை. பூட்டியது நான் என்று நானே சொல்லியும், பூட்டியது சாமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பயத்தில் என்னையும் சாமியையும் ஒன்றாக்கிவிட்டேன். இதைவிடப் பெரிய பாவம் நான் என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. பக்தி என்று நான் வளர்த்தது அவள் கழுத்தில் போய்க் கயிறாக விழுந்திருந்தது.

"அந்தச் சத்தியம் உன்னுது இல்லம்மா. வாங்கினவன் நான். குத்தம் எதுனாச்சும் இருந்தா என் தலை மேலதான். நீ போ" என்றேன்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் உள்ளே போனாள். அவர் என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். தப்புன்னு வக்கீல் சொன்னதால வந்தீங்களா, நெஞ்சு சொன்னதால வந்தீங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பாயிடம் சொன்னது போல அதுவும் சுலபமாக வந்திருக்கும்.

"முதல்ல வக்கீல்" என்றேன்.

"பரவால்ல. உண்மையாச்சும் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்களோடு நானும் கொஞ்சம் உள்ளே போனேன். சமையலறையில் தோசை மாவு பொங்கிப் பானையை விட்டு வழிந்து தரையில் காய்ந்து கிடந்தது. அவள் உடனே துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்தை வைத்து, கிழித்த நாட்காட்டித் தாள்கள் மூன்று நான்கு ஒட்டியிருந்தன. பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால், தமிழில், ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஊர், ஒரு போன் நம்பர், பக்கத்தில் கிடைத்த பதில்.

செங் – சீனர் மட்டும். பத்து பெரண்டாம் – இந்தியர் வேண்டாமாம். கிளேபாங் – என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். புக்கிட் பாரு – வரச் சொன்னார்கள், போனோம், எங்களைப் பார்த்ததும் வீடு கொடுத்தாகிவிட்டது என்றார்கள். பாயா ரும்புட் – இந்தியர் வேண்டாம். திரும்பவும் செங். திரும்பவும் இந்தியர் வேண்டாம்.

வைகாசியில் தொடங்கி, முந்தின வாரம் வரைக்கும். தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் சொன்ன வார்த்தை ஒன்றுகூடப் பொய் இல்லை.

அந்தத் தாள்களின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வீட்டை வாங்கின புதிதில், இவர்களுக்கு முன்னால், வாடகைக்கு ஆள் தேடிய ஒரு தரகரிடம் நானே சொல்லியிருக்கிறேன்: "நம்ம ஆளுங்க வேணாம்பா, தொந்தரவு." தமிழனாகிய நான், தமிழில் சொன்னேன். யாரும் கிடைக்காமல் போனதால்தான் இவர்களுக்கு விட்டேன், பிறகு அதையே தர்மம் செய்ததுபோலக் கோயிலில் சொல்லித் திரிந்தேன். அந்தப் பட்டியலில் என் வரி மட்டும்தான் எழுதப்படாமல் இருந்தது.

"நான் ஹோம்ஸ்டே எதுவும் போடலம்மா. நீங்க இங்கயே இருங்க" என்றேன். தரையைத் துடைத்துக்கொண்டே, "சரிண்ணே" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நம்ப வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

முனி சன்னதியில் ஏதாவது பரிகாரம் செய்யலாமா, எல்லோரும் போகலாமா என்று கணவரிடம் கேட்டுப் பார்த்தேன். "இன்னும் சூடமாண்ணே? நீங்களே போய் முனிகிட்டச் சொல்லிட்டு வாங்க. எங்கள இழுக்காதீங்க" என்றார். தனியாகப் போனேன். சூடம் ஏற்றவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. வெறுங்கையோடு நின்று, "அந்தப் பெண்ணை விட்டுடுப்பா, இது என் குத்தம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவளிடமிருந்து வாட்சாப்பில் குரல் செய்தி: "சொல்லிட்டீங்களாண்ணே?" சொல்லிவிட்டேன் என்று அனுப்பினேன். "நன்றிண்ணே" என்று வந்தது. எனக்கு நன்றி சொல்கிறாள்!

மைத்துனன் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. "ஊரு சிரிக்குதுக்கா" என்று அக்காவுக்குப் போன் செய்தான். அவள், "சிரிக்கட்டும்லா. நான் ஒரு மாசமா சிரிக்கவே இல்ல, இப்பத்தான் சிரிக்கிறேன்" என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சிரித்தாள். அது நியாயம்தான்.

வக்கீலிடம் திரும்பப் போய் முறையான அக்ரிமெண்ட் போடச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு, அதற்குப் பிறகும் அவர்கள் விரும்பினால் நீட்டிக்கலாம் என்று. எந்தப் பக்கம் விலகுவதாக இருந்தாலும் எத்தனை மாதத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும், பழுது பார்ப்பது யார் பொறுப்பு, முன்பணம் எப்போது திருப்பித் தர வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. முத்திரை ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் படித்துப் பார்க்கட்டும் என்று வக்கீல் என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

ஒரு சனிக்கிழமை காலை கொண்டுபோனேன். வாசலிலேயே நின்று, "வரலாமா?" என்று கேட்டேன். எட்டு வருடத்தில் முதன்முறை. கணவர் லாரியில் ஜொகூருக்குப் போயிருந்தார். ஒப்பந்தம் அவள் பெயரில்தான், அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். மூத்த பெண் ஒவ்வொரு பக்கமாக ஆங்கிலத்தில் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னது. அவள் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். குழாய் ஒழுகினால் யார், சுவரில் ஆணி அடிக்கலாமா, சாமி மேடை வைத்துக்கொள்ளலாமா. கடைசிப் பக்கம் முடிந்ததும் தாள்களை அடுக்கி வைத்தாள்.

"அண்ணே, எல்லாம் சரியா இருக்கு. எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல ஒரு வரி எழுதித் தருவீங்களா? நானும் உங்க மாதிரி தமிழ்ப் பள்ளியோட சரி. பிள்ளைங்க இல்லாதப்ப நானே எடுத்துப் படிச்சுக்குவேன்."

வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தாராளமா எழுதுங்க அங்கிள். ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் இடம் இருந்தது. பேனாவை எடுத்து, பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்: 'வீட்டுக்காரர் சொல்லாமல் வர மாட்டார். எந்தக் காரணத்துக்காகவும் கதவைப் பூட்ட மாட்டார்.'

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, உதட்டை அசைத்துப் படித்தாள்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. 'மாட்டார்'னு வேணாம். அது நீங்க சொல்ற மாதிரி இருக்கு. 'கூடாது'ன்னு போடுங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த ஒரு நாள்தான் அவள் என்னிடம் கோபமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

எழுதியதை அடித்தேன். அதற்குக் கீழே, 'வீட்டுக்காரர் சொல்லாமல் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கதவைப் பூட்டக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். மகள் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டியது. அவள் பேனாவை வாங்கி, அடித்த இடத்தில் ஒன்று, புதிய வரிக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு இடத்திலும் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.